மொட்டை மாடியைக் காலி செய்யச் சொல்லும் முன்: எங்கள் குடியிருப்போர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். பருவமழை தொடங்குவதற்குள் மொட்டை மாடியில் இருக்கும் தொட்டி, பை, டிரம் அத்தனையையும் அவரவர் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் சங்கமே ஆள் வைத்து எடுக்கும், கூலி அடுத்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். காரணமாக மூன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: கூரை ஒழுகுகிறது, கட்டடம் பாரம் தாங்காது, கொசு பெருகுகிறது.

இவை வெறும் சாக்கு என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. நான் மேல் தளத்துக்காரி. கூரை ஒழுகினால் முதல் சொட்டு என் வீட்டு ஹாலில்தான் விழும். மாடிக்கு ஏதாவது ஆனால் உங்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் நஷ்டம். அப்படிப்பட்ட நானே செடிகளை இருக்க விடுங்கள் என்று கேட்கிறேன் என்றால், கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

இதைச் செயலாளர் சார் கையில் தனியாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் மழைக்கு முன் மாடியைக் காலி செய் என்கிற பேச்சு சென்னையில் நம் கட்டடத்தோடு நிற்கவில்லை. என் தங்கை குடியிருக்கும் இடத்திலும் இதே கதைதான். யாராவது ஒருவர் கணக்கு வழக்கோடு எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாடித் தோட்டம் போட்டால் காய்கறிக் கடைக்கே போக வேண்டாம், குடும்பச் செலவு பாதியாகிவிடும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசாங்கமே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த நேரத்தில் நம் மாடித் தக்காளி யார் வீட்டையும் காப்பாற்றவில்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், சாம்பாருக்குத் தினமும் வேண்டிய தக்காளி, இதற்கெல்லாம் கோயம்பேடுதான் கதி. நாலு பையில் கத்தரி வைத்தால் வாரம் ஒரு எண்ணெய்க் கத்தரிக்காய்க்குத் தேறும், அவ்வளவுதான்.

மாடி உதவுவது வேறு விஷயத்துக்கு. சமையலில் கிள்ளிப் போடுகிற சாமான்களுக்கு. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், ஒரு வேளைக்குக் கீரை. இவை கிலோ கணக்கில் தேவைப்படுவதில்லை, ஆனால் தினமும் தேவைப்படுகின்றன. கடையில் கட்டாகத்தான் வாங்க முடியும். ரசத்துக்கு வேண்டியது ஐந்தாறு தழை மல்லி. மீதிக் கட்டு ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்து, மூன்றாம் நாள் தண்டு கொழகொழத்து, குப்பைக்குப் போகிறது. மழை நாலு நாள் விடாமல் பெய்தால் அதே கட்டு மும்மடங்கு விலைக்கு, பாதி அழுகலோடு வருகிறது. மாடியில் இருக்கும் இரண்டு பை மல்லி இந்த ஒரு தொல்லையை அடியோடு தீர்த்துவிடும். நான் கேட்பது இந்த அளவுக்குத்தான்.

கறிவேப்பிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் காய் வாங்கினால் கொசுறாகக் கிடைத்தது. இன்றைக்குக் கடையில் வரும் கறிவேப்பிலை பளபளவென்று, ஒரு பூச்சிக் கடி கூட இல்லாமல் இருக்கிறது. அந்தப் பளபளப்பைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையைப் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைக்கு உள்ளாகும் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் வைத்தது. நாம் அதையே மேலோட்டமாக அலசிவிட்டுத் தாளிக்கிறோம், சட்னிக்கு அரைக்கிறோம், பிள்ளைகளுக்கு முடி வளரும் என்று பொடி செய்து சோற்றில் போடுகிறோம்.

மாடியில் என் கறிவேப்பிலையைப் பாருங்கள், இலையெல்லாம் கடிபட்டிருக்கும். காக்கை எச்சம் போல ஒன்று இலை மேல் ஒட்டியிருப்பதைப் பார்த்து, யாரோ நல்லெண்ணத்தில் துடைக்கப் போய் அலறியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அது பட்டாம்பூச்சியின் புழு. எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பத்துச் செடிகளில்தான் அந்த வகைப் பட்டாம்பூச்சி முட்டையிடும். குஞ்சாக இருக்கும்போது எச்சத்தின் நிறம், வளர்ந்ததும் இலைப் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பை நீட்டும், கூடவே ஒரு நெடி. பறவையைப் பயமுறுத்த அதற்குத் தெரிந்த வித்தை அது. செடி சிறியதாக இருந்தால் பொறுக்கி வெளியே போடுவேன். பெரியதானால் விட்டுவிடுவேன், அது தின்றது போக எனக்கு மிச்சம் இருக்கும். மருந்து அடிக்காத இலை என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டாம்.

இடையில் ஒரு வேண்டுகோள். காலை நடைக்கு மாடிக்கு வருகிறவர்கள் என் செடியிலிருந்து கறிவேப்பிலை எடுப்பது எனக்குத் தெரியும். தாராளமாக எடுங்கள். ஆனால் காம்பு காம்பாக உருவாமல், கிளையின் நுனியோடு ஒடித்து எடுங்கள். நுனி போன இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். உருவினால் கிளை மொட்டையாக நிற்கும்.

சரி, நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருவோம்.

பாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடி, தன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தர விதி, ஐ.எஸ். 875, இரண்டாம் பாகம். வீட்டுக் கணக்கில் ஏறத்தாழ 150 கிலோ. இப்போது செடிப் பையின் எடையைப் பாருங்கள். நாம் வைத்திருக்கும் குரோ பேக் பெரும்பாலும் ஒரு அடி விட்டம், ஒரு அடி உயரம். அதில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவைத் தாண்டும். தென்னை நார்க்கழிவு பாதி, மீதியில் மண்புழு உரமும் கொஞ்சம் செம்மண்ணும் என்று கலந்தால் மழையில் முழுக்க நனைந்தாலும் 15 முதல் 20 கிலோவுக்குள் நிற்கும். சதுர மீட்டருக்கு நாலு பை வைத்தால் அதிகபட்சம் 80 கிலோ. விதி சொல்வதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மண் பைகளையே நாலு நாலாக நெருக்கி வைத்தால் 120, 130 என்று எல்லையைத் தொட ஆரம்பிக்கும். ஆக, பயப்பட வேண்டியது செடிக்கு அல்ல, மண்ணுக்கு.

அரசு தோட்டக்கலைத் துறையே மானிய விலையில் கொடுத்த மாடித் தோட்டத் தளையில் (கிட்) மண் இல்லை. 2021-இல் தொடங்கிய திட்டத்தில் கொடுத்தது 6 பை, 2 கிலோ எடையுள்ள நார்க்கழிவுக் கட்டி 6, காய்கறி விதை 6 வகை, உயிர் உரம், வேம்பு கலந்த பூச்சி மருந்து, ஒரு கையேடு. கட்டியை வாளித் தண்ணீரில் போட்டால் பொங்கிப் பல மடங்காக உப்பும். அதைக் கையில் ஏந்திப் பார்த்தால் பாரம் என்கிற பேச்சு எவ்வளவு மிகை என்று புரியும். ஒன்று மட்டும் கவனம்: அந்தப் பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று தடவை பிழிந்து கொட்டிவிட வேண்டும். நார்க்கழிவில் உப்பு இருக்கும், கொட்டாவிட்டால் நாற்று கருகும். கொட்டுவதைச் செடி எதுவும் இல்லாத சாக்கடை வாயில் கொட்டலாம், மாடித் தரையில் வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கவும் மாட்டேன். பழைய நீல டிரம்மில் வாழை, சிமெண்ட் தொட்டியில் மா, இவற்றை மாடியிலிருந்து இறக்கச் சொன்னால் நானும் சேர்ந்து பிடித்து இறக்குவேன். முருங்கையை மாடியில் மரமாக வளர்க்கலாம் என்று யாராவது நினைத்தால் தயவுசெய்து தரையில் காம்பவுண்டு ஓரத்தில் வையுங்கள். காற்றுக்கு முதலில் ஒடியும் மரம் அது.

அடுத்து ஒழுகல். போன ஐப்பசி மழையில் சி பிளாக் மாடிப்படியில் சுவரோடு தண்ணீர் வழிந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மூலையில் அப்போது ஒரு தொட்டி கூடக் கிடையாது. பிளம்பர் வந்து பார்த்தபோது கிடைத்தவை இரண்டு. மழைநீர் இறங்கும் குழாய் வாயில் காய்ந்த இலையும் கிழிந்த பிளாஸ்டிக் கவரும் அடைத்து, மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்தது. கைப்பிடிச் சுவரின் விரிசலில் ஒரு அரசங்கன்று, காக்கை போட்ட விதை, வேரைச் சுவருக்குள் இறக்கியிருந்தது. நம் மாடியில் கட்டடத்தைக் கெடுக்கும் ஒரே செடி யாரும் நடாத அந்த அரசங்கன்றுதான். அதை இன்னும் யாரும் வேரோடு எடுக்கவில்லை. மேலே வெட்டினார்கள், மறுபடி துளிர்த்துவிட்டது.

இருந்தாலும் தொட்டியால் ஒழுகலே வராது என்று சொல்ல மாட்டேன். நம் மாடி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டை ஓடு பதித்தது. ஓட்டுக்கு ஓடு இடையில் பூசிய சாந்து வருடக்கணக்கில் தேய்ந்து போகும். அதன் மேல் பையை நேராக வைத்தால் அடியில் எப்போதும் ஈரம் தங்கும், காயவே காயாது. அந்த ஈரம்தான் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பை அடியிலிருந்து கசியும் நார்த்தூளும் உரமும் தரையில் படிந்து தண்ணீர் ஓடும் வாட்டத்தை மறிக்கும். ஆகவே தரையில் எந்தப் பையும் உட்காரக் கூடாது என்று சட்டம் போடுங்கள். அரை அடி உயர இரும்பு ஸ்டாண்டு, அதுவும் கால்களுக்கு ரப்பர் குல்லா போட்டது. அடியில் துடைப்பம் போய் வர வேண்டும், காற்று போய் வர வேண்டும். குழாய் வாயைச் சுற்றி இரண்டடிக்குள் எதுவும் வைக்கக் கூடாது. எல்லாக் குழாய் வாய்க்கும் கம்பி வலை. நம் மாடித் தண்ணீர் போவது மழைநீர்த் தொட்டிக்குத்தான். 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோதே இந்த வலையையும் போட்டிருக்க வேண்டும்.

ஸ்டாண்டுகள் போட்டால் எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நல்லது இருக்கிறது. சுவர்களும் உத்திரங்களும் ஓடும் ஓரங்களில் வரிசையாக வைத்தால் நடு மாடி துணி காயப் போடவும், வடாம் பிழியவும், பிள்ளைகள் பட்டம் விடவும் காலியாகவே கிடக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் ஒரு பூந்தொட்டி கூடக் கூடாது. சென்னையில் டிசம்பர் மாதப் புயல்களைப் பார்த்தவர்கள் நாம். ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு தொட்டி கீழே விழுந்தால் அப்புறம் தோட்டம் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. உங்கள் அறிவிப்பில் இந்த ஒரு வரி இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கொசுவுக்கு விடை சுலபம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தெளிந்து நிற்கும் தண்ணீரில். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஈரம் காய்ந்தாலும் முட்டை பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும், அடுத்த மழையில் பொரியும். மாடித் தோட்டத்தில் அதற்கு இடம் கொடுப்பது ஒன்றே ஒன்று: தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. அந்தத் தட்டை அடியோடு ஒழித்துவிடலாம். ஓட்டை உள்ள பையில், ஸ்டாண்டின் மேல், தட்டு எதற்கு? ஈர மண்ணில் கொசு முட்டையிட்டுப் பெருகுவதில்லை. மாநகராட்சி ஊழியர் சோதனைக்கு வரும்போது அவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது மூடி இல்லாத நம் தண்ணீர்த் தொட்டி, உடைந்த பக்கெட், ஏ.சி. தண்ணீர் சொட்டும் பெயிண்ட் டப்பா. இவை எதுவும் தோட்டக்காரர்களுடையவை அல்ல. டப்பா யாருடையது என்பது பி பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும், நான் சொல்லப் போவதில்லை.

அந்த ஏ.சி. தண்ணீர் செடிக்கு நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்பில்லாத தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீரும் அப்படியே. ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை மட்டும் தொடர்ந்து ஊற்றினால் உப்புப் படிந்து செடி வாடும். ஒரு பைக்கு நாளுக்கு ஒரு லிட்டர், சித்திரை வைகாசியில் இரண்டு லிட்டர் போதும். 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு நாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை மறந்து இதை எழுதவில்லை. அப்படி ஒரு கோடை மறுபடி வந்தால் முதலில் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அதே வாரம் ஹோஸ் பைப் போட்டுக் கார் கழுவுவதையும் நிறுத்த வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் வந்த நாலாவது புகார் அறிவிப்பில் இல்லை, இருந்தாலும் பதில் சொல்கிறேன். நாற்றம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவு ஊற வைக்கும் மீன் அமிலம் செடிக்குப் பிரமாதமான சத்து, மறுப்பதற்கில்லை. அதை ஒரு குடியிருப்பின் மாடியில் திறந்து வைப்பது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் கொடுமை. தோட்டக்காரர்களில் யார் அதைச் செய்தாலும் நான் எதிர்ப்பேன். மட்கிய உரமும் வேப்பம் பிண்ணாக்கும் போதும். மாவுப் பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டுச் சோப்பு, சாயங்கால வேளையில். ரசாயன மருந்து மாடியில் யாரும் தெளிக்கக் கூடாது என்பதையும் விதியில் சேருங்கள். பக்கத்தில்தான் நம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

இவ்வளவும் விதிமுறை சம்பந்தப்பட்டது, பேசித் தீர்க்கலாம். என்னை உண்மையில் உறுத்தியது நீங்கள் குறித்திருக்கும் காலம். பருவமழைக்கு முன் எடுத்துவிட்டு, பொங்கலுக்கு அப்புறம் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று செயலாளர் சார் நல்ல மனதோடு சொன்னார். சென்னையில் கிள்ளு சாமான் விளைவதே அந்த மாதங்களில்தான் சார்.

கொத்தமல்லியைப் பாருங்கள். வெயில் ஏறினால் இலை வைக்காது, அவசரமாகப் பூவெடுத்துக் காயாகிவிடும். பங்குனியில் விதைத்தவர்கள் சாணளவு வளர்ந்த செடியில் வெள்ளைப் பூவைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசிக்கு மேல் விதைத்தால்தான் தழைத்து நிற்கும். கடையில் சமையலுக்கு வாங்கிய தனியாவே போதும், வறுக்காததாக இருந்தால் சரி. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதை, செருப்புக் காலால் லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். பிளந்ததை ஒரு ராத்திரி ஊற வைத்துத் தூவினால் பத்து நாளுக்குள் முளை தெரியும். நாற்பது நாளில் ரசத்துக்குக் கிள்ளலாம். பலத்த மழை நேராக விழுந்தால் நாற்று சாய்ந்துவிடும், அதற்குப் பச்சை வலை ஒரு துண்டு மேலே கட்டினால் போதும்.

வெந்தயம் இன்னும் சுலபம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி, நாலாம் நாள் முளை, மூன்று வாரத்தில் பருப்புக் கூட்டு. புதினாவுக்கு விதையே வேண்டாம். கடைக் கட்டில் இலையைக் கிள்ளியது போக மிஞ்சும் தண்டில் முற்றலாக நாலைப் பொறுக்கிக் கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால், தண்ணீர்த் தொட்டியின் நிழலிலேயே பரவும். முளைக்கீரை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்குவது. அரைக்கீரையைப் பிடுங்கக் கூடாது, இரண்டு விரல் அடி விட்டு அறுத்தால் மறுபடி துளிர்த்துக்கொண்டே இருக்கும், ஒரு பை ஒரு குடும்பத்துக்குப் பல வாரம் வரும். காலையில் அறுத்து அப்படியே உலைக்குப் போகும் கீரைக்கும், விடிகாலை வண்டியில் வந்து மத்தியானம் வரை தெளித்துத் தெளித்து வைத்திருந்த கீரைக்கும் கடைசலில் வித்தியாசம் தெரியும். நாக்கு செத்தவர்களுக்குக் கூடத் தெரியும்.

அப்புறம் அவரை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆடிப் பட்டத்தில் போட்ட கொடி அவரை நம் மாடியில் இப்போது மூன்று வீட்டுப் பந்தலில் ஏறியிருக்கிறது. வெறும் இலையாகத்தான் இருக்கிறது, பூ ஒன்று கூட இல்லை. அதைப் பார்த்துத்தான் இது எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டார். பகல் குறுகி இரவு நீண்டால்தான் அந்தக் கொடி பூக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் ஐப்பசிக்கு முன் அசையாது. கார்த்திகையில் ஊதாப் பூ எடுத்து, மார்கழியிலும் தையிலும் பறித்து மாளாது. பொங்கலன்று கூட்டுக்கு அவரை வேண்டும் என்றால் ஆடியில் விதைத்து இத்தனை மாதம் காத்திருப்பதைத் தவிர வழியே இல்லை. இப்போது பிடுங்கினால் ஒரு வருடத்துப் பயிர் போயிற்று, தையில் மறுபடி நட்டாலும் காய்க்காது. வெண்டை, மிளகாய் என்றால் பரவாயில்லை, அடுத்த மாதமே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அவரைக்கு அந்த வசதி கிடையாது.

குப்பை பற்றியும் ஒரு வார்த்தை. திடக்கழிவு விதிகளின்படி மட்கும் குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறோம். நம் பச்சைத் தொட்டியில் பெரும்பாலும் இருப்பது காய்த் தோலும் கீரைத் தண்டும்தான். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் மலையாகக் குவிந்ததை மாநகராட்சி தோண்டித் தோண்டிப் பிரிக்க வேண்டி வந்தது. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இரண்டு மட்கு தொட்டி வைக்க இடம் கொடுத்தால், காய்ந்த இலையோடு அடுக்கி மட்க வைக்கும் பொறுப்பைத் தோட்டம் போடுகிறவர்கள் ஏற்கிறோம். உரத்துக்கு நாங்கள் வெளியே காசு கொடுக்க வேண்டியிராது. மாடியில் அல்ல, கீழே என்பதைக் கவனியுங்கள். நாற்றம் வந்தால் மறுநாளே நிறுத்திவிடலாம்.

இப்போது நான் கேட்பது. அறிவிப்பை முழுதாகக் கிழிக்கச் சொல்லவில்லை, மாற்றி எழுதச் சொல்கிறேன். வீட்டுக்குப் பத்துப் பை உச்ச வரம்பு வையுங்கள். பாதி வீடுகள் வேண்டாம் என்றுதான் சொல்லும், அதனால் இடம் போதும். மண் பை, சிமெண்ட் தொட்டி, டிரம், மரம் கூடாது. ஸ்டாண்டு இல்லாத பைக்கு இடமில்லை, ஸ்டாண்டை அவரவர் காசில் வாங்கட்டும். ஊருக்குப் போகிறவர்கள் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், காய்ந்து நிற்கும் பையை ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சங்கம் எடுத்துக்கொள்ளலாம். குழாய் வாய்களை மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை தோட்டக்காரர்கள் முறை வைத்துச் சுத்தம் செய்வோம். இதுவரை அதை யாருமே செய்யவில்லை என்பதால் இது சங்கத்துக்கு லாபம்தான். கட்டடத்துக்கு வயதாகிறது என்று கவலை இருந்தால் ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டு மாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கட்டணத்தைத் தோட்டம் போடுகிற வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஏழு வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டேன், சம்மதம். அவர் ஓரத்தில் மட்டும் வையுங்கள் என்றால் ஓரத்தில் வைப்போம். வைக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தால் முதல் ஆளாக நான் பைகளை இறக்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு வரிசைகள், குழாய் வாய்கள், நடக்கும் வழி எல்லாம் குறித்த மாடிப் படம் ஒன்றை வரைந்து கொண்டு வருகிறேன். சி பிளாக் கைப்பிடிச் சுவரில் இருக்கும் அரசங்கன்றை அதற்குள் வேரோடு எடுத்து விரிசலைப் பூசச் சொல்லுங்கள், மழை வந்துவிட்டால் பூச்சு நிற்காது. முடிவாகும் வரை அவரைப் பந்தலைத் தொட வேண்டாம் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் ஏற்கனவே கத்தியும் சாக்கும் எடுத்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஏ பிளாக் மேல் தளத்துக் குடியிருப்பாளர்